உலைக் கதவில் எழுதிய எண்

தேனி மாவட்டம் கம்பத்தில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து மலைக்குப் போகும் ஒவ்வொரு ஏலக்காய் ட்ரையரின் உலைக் கதவிலும் என் அப்பா தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிவப்பு எனாமலில் எழுதிவைப்பார். உலைச் சூட்டில் அந்த எழுத்து இரண்டு பருவம்கூடத் தாங்காது. முதலில் எண்ணின் நடு இலக்கங்கள் கருகும், பிறகு பெயர் செதில் செதிலாக உதிரும். ஆனாலும் எல்லைக்கு அப்பால் கேரளத்து ஏலமலையில் வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அண்டைத் தோட்டத்து ஸ்டோரில் அந்தக் கதவைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கத்தில் தமிழரும் மலையாளிகளும் ஸ்டோர் என்றே சொல்வோம். 2016-இல் பட்டறை என் பொறுப்புக்கு வந்தபோது, புதிய ட்ரையர்களைப் பெரிய கடைகள் தவணை முறையில் விற்கத் தொடங்கியிருந்தன. எங்களைத் தேடி வந்தவை பழைய ஸ்டோர்களின் பழுதுவேலைகள் மட்டுமே. பட்டறையின் பெயர் மறுபடியும் மலையேற வேண்டும் என்ற தேவையில்தான் நான் சமூக ஊடகத்துக்கு வந்தேன். தொழில் நன்றாகத் தெரிந்தும் அதை நாலு பேருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கும் வெல்டர்களும் மோட்டார் மெக்கானிக்குகளும் மண் பரிசோதனை செய்பவர்களும் எல்லையின் இருபுறமும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2017-இல் பட்டறையின் பெயரில் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கினேன். மாலை போட்ட புது ட்ரையரின் படம், ஆயுத பூஜைப் படம், காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து என்று இரண்டரை ஆண்டுகள் விடாமல் போட்டேன். விருப்பக் குறிகள் வந்தன. ஒரு வேலைகூட வரவில்லை. யார் யார் விரும்பியிருக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. அவர்களில் பெரும்பாலோர் என் உறவினர்களும் பள்ளித் தோழர்களும்; ஒருவரிடமும் ஏலத் தோட்டம் கிடையாது. தோட்டம் வைத்திருந்த சிலருக்கோ, மாலை போட்ட ட்ரையரைப் பார்த்து அறிந்துகொள்ள எதுவும் இல்லை. காய் வெளுக்கிறது, புகை வாடை ஏறுகிறது, விறகு கணக்குக்கு மேல் போகிறது என்று அவர்களுக்கு ஆயிரம் கவலைகள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட என் பக்கம் பேசவில்லை.

அது மாறியது 2020-இல். மார்ச் மாத ஊரடங்கில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டன. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். பருவம் தொடங்கிய பிறகும் முன்போல் காலையில் போய் மாலையில் திரும்ப முடியவில்லை. அந்த ஆகஸ்டில் உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து வயதான மலையாளித் தோட்டக்காரர் ஒருவர் இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டார். அப்பா காலத்து வாடிக்கையாளர். நான் சேட்டன் என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் அழைக்கும் பழக்கம். அவருடைய காய் பச்சை நிறம் போய் வெளுத்துக்கொண்டிருந்தது. என்னால் போக முடியாது. அவரிடம் வேறு ஆளும் இல்லை.

வீடியோ அழைப்பில் ஸ்டோரைக் காட்டச் சொன்னேன். மேல்தட்டில் ஒரு தெர்மாமீட்டரும் கீழ்த்தட்டில் ஒன்றும் வைக்கச் சொன்னேன். கீழே 63 டிகிரி, மேலே 44. காயை 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்து 18 முதல் 24 மணி நேரம் உலர்த்த வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதற்குமேல் சூடு ஏறினால் தோல் வெடிக்கும், நிறம் பழுக்கும், வாசனை எண்ணெயும் போகும். பிறகு கூரையோரத்து ஆவிக் கதவுகளைக் காட்டச் சொன்னேன். குளிருக்குப் பயந்து அவர் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார். பறித்த காயின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். முதல் சில மணி நேரத்தில் காய் வியர்க்கும், அந்த ஆவி வெளியேறாவிட்டால் காய் தன் வியர்வையிலேயே வேகும். கதவுகளைத் திறக்கச் செய்து, விறகைக் குறைத்து, தட்டுகளை இடம் மாற்றச் சொன்னேன். இரவு ஒன்றரை மணிக்குக் கீழ்த்தட்டு 52-க்கு வந்தது. மறுநாள் மாலை அவர் அனுப்பிய படத்தில் முதலில் வெளுத்தவை வெளுத்தவைதான். மேல்தட்டுக் காய் மட்டும் நல்ல பச்சையாகத் தப்பியிருந்தது.

அதை அப்படியே எழுதினேன். எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எந்தக் கதவு அடைத்திருந்தது, எவ்வளவு காய் தப்பியது, எவ்வளவு போயிற்று என்று ஒரு பக்கம். தோட்டக்காரரின் பெயரையும் இடத்தையும் சொல்லவில்லை. என் பட்டறையைக் கூப்பிடுங்கள் என்ற வரிகூட அதில் இல்லை. அந்த வாரம் முன்பின் தெரியாத பதினோரு பேர் கூப்பிட்டார்கள். இரண்டரை ஆண்டு மாலைப் படங்கள் செய்யாததை அந்த ஒரு பக்கம் செய்தது. ஒரு தொழிலாளி தன் தொழிலைப் பற்றிப் பொதுவில் எழுத வேண்டியது தான் தீர்த்த சிக்கலைப் பற்றித்தான் என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன். படிப்பவர் தம் ஸ்டோரில் உள்ள பழுதை அந்த எழுத்தில் அடையாளம் காண்கிறார். அதன் பிறகே எழுதியவன் யார் என்று தேடுகிறார்.

மொழி எங்கள் மலையில் தனிக் கணக்கு. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழ் பேசும் உழைப்பாளர்கள் இரு பக்கமும் தங்கினார்கள். இன்றைக்கும் இடுக்கியின் ஏலமலையில் மலையாளித் தோட்டக்காரர்களில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் நன்றாகப் புரியும், எழுத்தில் படிக்க வராது. போடிநாயக்கனூர் வியாபாரிகளுக்கு அப்படியே மறுதலை. தொடக்கத்தில் தமிழில் மட்டும் எழுதி, ஏன் மலையிலிருந்து பதில் வருவதில்லை என்று நெடுநாள் குழம்பினேன். இப்போது ஒரே செய்தியைத் தமிழில் எழுத்தாகவும், மூன்று நிமிடத்துக்கு மிகாத மலையாளக் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். என் மலையாளத்தில் கம்பத்து வாடை இருக்கும். அதைத் திருத்திச் செயற்கையாகப் பேச முயலவில்லை. ஸ்டோரில் தட்டு மாற்றும் தொழிலாளர்களோ பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுக்காகத் தட்டு, உலை, புகைக்குழாய் என்று அவர்கள் வழங்கும் சொற்களிலேயே சிறு வீடியோக்கள் எடுத்து யூடியூபில் போட்டேன். முதலாளிக்குச் சொல்வது ஒன்றும் வேலையாளுக்குச் சொல்வது ஒன்றுமாக இருந்தால் ஸ்டோரில் எதுவும் மாறாது. இருவரும் பார்த்த வீடியோ என்றால் அடுத்த நாளே தெர்மாமீட்டர் தட்டுக்கு வந்துவிடும். எல்லைப்புறத்தில் தொழில் செய்பவர் எவரும் தம் வாடிக்கையாளர் எந்த மொழியைக் காதால் அறிவார், எதைக் கண்ணால் அறிவார் என்று தனித்தனியே கேட்டறிவது நல்லது.

வாட்ஸாப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. 2018 தொடக்கத்தில் வந்த வாட்ஸாப் பிசினஸ் செயலியில் வேலை நேரம், முகவரி, செய்யும் வேலைகளின் பட்டியல் ஆகியவற்றைப் பதியலாம், கட்டணம் இல்லை. நான் குழுக்களை விடப் பிராட்காஸ்ட் பட்டியலையே நம்புகிறேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் அது தனிச் செய்தியாகவே போகும், பதிலும் எனக்கு மட்டுமே வரும். ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் ஓராண்டுக்கு மேல் பாதிப் பேருக்குப் போகாத செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேலை முடிந்து கிளம்பும்போதே, “சேட்டா, என் நம்பரைப் பேரோட பதிஞ்சுக்குங்க, மாசம் ரெண்டு செய்திக்கு மேல அனுப்ப மாட்டேன்” என்று சொல்லி, அவர் பதியும் வரை நின்றுவிட்டு வருவேன். மாதம் இரண்டு என்ற வாக்கை இதுவரை மீறவில்லை.

விலை நிலவரம் போடுங்கள் என்று பலர் வற்புறுத்தினார்கள். புற்றடியிலும் போடியிலும், நறுமணப் பொருள்களுக்கான மத்திய அரசு அமைப்பான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் விற்கப்படுகிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது, விலையைப் பகிர்ந்த எண்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் விலை என் தொழில் இல்லை. நாளைக்கு ஏறும் என்று நான் எழுதி, அதை நம்பி ஒருவர் சரக்கை நிறுத்தி வைத்து நட்டப்பட்டால், உலை பற்றி நான் சொல்லும் சொல்லையும் அவர் நம்பமாட்டார். கூட்டம் சேர்ப்பதற்காகத் தெரியாததைப் பேசுவது, தெரிந்ததில் சம்பாதித்த மதிப்பை எடுத்துச் செலவழிப்பதாகும்.

இனி, என் தவறைச் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் சக்குப்பள்ளம் பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்திருந்த தமிழர் ஒருவரின் ஸ்டோருக்குப் போனேன். புகைக்குழாயில் விரல் நுழையும் அளவு ஓட்டை. ஒரு தட்டு முழுக்கக் காய் புகை ஏறி மங்கிக் கிடந்தது. ஓட்டையை அடைத்துவிட்டு, எல்லோருக்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று தட்டைப் படமெடுத்து, பட்டறைக்குத் திரும்பும் வழியிலேயே பதிவிட்டேன். பெயர் போடவில்லை என்ற நினைப்பில் இருந்தேன். படத்தின் பின்புறம், திறந்திருந்த கதவு வழியாக, அவருடைய நீல நிற கேட்டும் அதன்மேல் பாதி தெரிந்த தோட்டப் பெயரும் இருந்தன. மலையில் அந்த அரைப் பெயரே போதும். அந்தச் சரக்கின் பேரில் அவருக்கு முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி அன்று மாலையே படத்தைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போகாத காய்க்கும் சேர்த்து விலையைக் குறைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபேஸ்புக்கில் உடனே நீக்கினேன். வாட்ஸாப்பில் எல்லோருக்குமாக அழிக்க, அனுப்பியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அவகாசம்தான் அந்நாளில் இருந்தது. அது என்றோ கடந்திருந்தது. அந்தப் படம் நான் அறியாத குழுக்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றே மலையேறி அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து என்னை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா அது என் காய். அதைக் காட்டலாமா வேணாமான்னு என்கிட்டல்ல கேட்டிருக்கணும்” என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. வியாபாரியிடம் நானே நேரில் போய், புகை ஏறியது ஒரு தட்டு மட்டுமே என்பதைப் பிரித்துக் காட்டினேன். விலையில் ஒரு பகுதி திரும்பியது, முழுதும் திரும்பவில்லை. மிச்சத்தைக் கொடுக்க முயன்றபோது அந்தத் தோட்டக்கார அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். அதற்கு ஈடாக அந்தப் புகைக்குழாயை முழுவதும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்களைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். எடுத்த படத்தை உரியவரின் கையில் கொடுத்து, அவரே பெரிதாக்கிப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகே போடுவேன். எடுத்த அன்று எதையும் பதிவிட மாட்டேன். அந்தச் சரக்கு விற்று முடியும் வரை காத்திருப்பேன். படத்தில் தட்டுக்குப் பின்னால் வெறும் சுவரோ சாக்கோ மட்டுமே தெரியும்படி எடுப்பேன். தன் பெயர் வளர வேண்டும் என்று எழுதுகிறவன் கையாள்வது பெரும்பாலும் அடுத்தவரின் நட்டத்தைத்தான். மருத்துவரானாலும் வழக்கறிஞரானாலும் ஆசிரியரானாலும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன்.

லிங்க்ட்இன்னுக்கு வந்தது 2021-இன் இறுதியில், அக்காள் மகளின் யோசனையால். மதுரையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவள் எனக்கு நிர்வாக இயக்குநர் என்று பட்டம் போட்டுக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தப் பட்டம் பொருந்தவில்லை. அதைப் பார்த்து என்னை எவரும் எதுவும் கேட்கப் போவதும் இல்லை. ஏலக்காய் ட்ரையர் செய்பவர், பழுது பார்ப்பவர், கம்பம் மற்றும் இடுக்கி என்று மாற்றினோம். தேடுகிறவர் அடிக்கும் சொற்கள் அவைதான். முதல் மாதத்தில், ஒரு வரிக்குறிப்புகூட இல்லாமல் நாற்பது பேருக்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்பினேன். ஏற்றவர்கள் சிலர், பேசியவர் எவரும் இல்லை. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் பேசாமல் போய் நிற்பதற்கு ஒப்பானது அது.

வேளாண் பொறியியலில் உலர்த்தும் முறைகளை ஆராயும் ஒருவர் அங்கே எழுதிவருவதைக் கண்டேன். அவரிடம் எதையும் கேட்காமல், அவர் எழுதியவற்றின் கீழ் எனக்குத் தெரிந்ததை மட்டும், அதுவும் அளந்து பார்த்ததை மட்டும், ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதிவந்தேன். மொழியைத் திருத்தித் தந்தவள் அக்காள் மகள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள சூட்டு வேறுபாடு பற்றி அவர் ஒருமுறை எழுதியபோது, ஆறு ஸ்டோர்களில் நான் எடுத்து வைத்திருந்த அளவுகளைக் கொடுத்தேன். அவரே தனிச் செய்தி அனுப்பினார். கிட்டத்தட்ட ஓராண்டுக்குப் பிறகு மாணவர்கள் இருவருடன் கம்பம்மெட்டு ஏறி வந்து, என்னுடன் இரவு முழுக்க ஒரு ஸ்டோரில் இருந்து ஈரப்பதம் அளந்தார். பிளோயர் விசிறியின் வேகத்தை இரவின் பிற்பகுதியில் குறைக்கலாம் என்று அவர் அன்று காட்டிய கணக்கு என் வாடிக்கையாளர்கள் பலருக்கு விறகை மிச்சப்படுத்தியிருக்கிறது.

சூட்டு வேறுபாடு பற்றிய அதே பதிவின் கீழ் குவாத்தமாலாவிலிருந்து ஒரு தொழில்நுட்பர் எழுதினார். உலகிலேயே மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு அது; எங்கள் மலைக்காரர்கள் அந்தப் பெயரை விலை இறங்கும்போது மட்டுமே சொல்வார்கள். அங்கும் விறகுதான் எரிகிறது, விறகு குறைந்துவருவது அங்கும் கவலை. அவர் ஸ்பானிஷ் மொழியில் எழுதுவதை மொழிபெயர்ப்புப் பொத்தான் ஆங்கிலமாக்கித் தர, இரண்டாண்டுகளாக உலையின் படங்களைப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். இதனால் எனக்கு ஒரு ரூபாய் வருமானமும் வந்ததில்லை. ஆனால் என் வேலையின் அருமை தெரிந்த ஒருவரிடம், உலைச் சுவரில் ஒரு செங்கல்லை ஏன் சாய்த்து வைத்தேன் என்று சொல்லிப் பேச முடிகிறதே, அதற்கு ஈடான தொழில் மகிழ்ச்சியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. உறவு என்பது வேலை கேட்பதில் தொடங்கினால் வேலை கிடைத்ததும், அல்லது கிடைக்காததும், முடிந்துவிடுகிறது.

விளம்பரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பர்னர் தயாரிப்பாளர் ஒருவர் தம் பொருளைப் புகழ்ந்து வீடியோ போடச் சொல்லி ஒரு பர்னரை இலவசமாகத் தந்தார். நல்ல பொருள்தான், போட்டேன். இலவசமாக வாங்கியதைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து நெடுங்கண்டத்துத் தோட்டக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, அது காசு கொடுத்து வாங்கியதா?” என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன், அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பதிவிடுவோர் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அந்த வீடியோவின் முதல் வரியில் இப்போது அது எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகு அப்படி எதையும் வாங்கவில்லை.

பட்டறை மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புதிதாகக் கூப்பிடும் ஒவ்வொருவரிடமும் என்னை எப்படித் தெரியும் என்று கேட்டு அதில் குறிப்பேன். மூன்று பருவத்துக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தால், அதிகம் பேர் பார்த்த வீடியோவால் வந்த வேலைகள் மிகக் குறைவு. நூற்றுச் சொச்சம் பேர் மட்டும் பார்த்த, புகைக்குழாய் ஓட்டையை மெழுகுவத்தி கொண்டு கண்டுபிடிக்கும் வீடியோவால் வந்தவைதான் அதிகம். இருட்டில், குழாயின் இணைப்புகளை ஒட்டிச் சுடரை நகர்த்தினால், ஓட்டை உள்ள இடத்தில் சுடர் உள்ளே இழுபடும். அவ்வளவுதான் அந்த வீடியோ. பார்வை எண்ணிக்கையைப் பார்த்து எழுதப் பழகியிருந்தால் அதை நீக்கிவிட்டிருப்பேன்.

இந்த வாரம் அணக்கரைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில், அந்த ஆராய்ச்சியாளர் சொன்ன விசிறிக் கணக்கைச் சிறிய உலைக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை நாலு மணிக்குப் பச்சைக்காய் ஏற்றினோம். விடியற்காலை மூன்று மணி வரை கீழ்த்தட்டு 51-ஐத் தாண்டவில்லை. இன்னும் இரண்டு சுற்று உலர்த்தி, விறகையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு, தோட்டத்துச் சேச்சி சம்மதித்தால் எழுதுவேன்.